கூடுதலாகப் போட்ட மருந்து

எடைமேடைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நைரி முதலில் நினைத்தாள். பார்சல் என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் அந்தப் பழுப்புக் குதிரையின் எடையைப் பயிற்சியாளர் வாலிஸ் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார். காலையில் குதிரை மருத்துவமனை வாசலிலுள்ள மேடையில் ஏற்றினால் ஐம்பது கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. ஒரே ராத்திரியில் எந்தக் குதிரையும் அவ்வளவு தின்னாது. பார்த்தாலும் தின்ற குதிரை மாதிரி இல்லை. விலா எலும்பெல்லாம் தெரிய, நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, நடுமுதுகு லேசாகக் குழிந்து நின்றது.

"மறுபடி ஏத்து," என்றாள்.

குதிரைகளைப் பிடித்துக் கொடுக்கும் செஃபோ மறுபடி ஏற்றினான். அதே எடை. குதிரையை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்று பார்த்தான். சமோவாக்காரன், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான்.

"எனக்கு மட்டும் கரெக்டா காட்டுதுக்கா. கொஞ்சம் குறைச்சுக் காட்டித் தொலைச்சா இதுக்கு என்ன கேடு?"

நைரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குதிரையின் முதுகைப் பார்த்தாள். சேணம் இல்லை, போர்வையும் இல்லை. ஆனாலும் நடுமுதுகில் மட்டும் மயிர் அழுந்திப் படிந்து, வேர்வையில் நனைந்து கிடந்தது. வைகாட்டோ ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி வேலிக்கம்பியையெல்லாம் விழுங்கியிருந்த ஜூன் மாதக் காலை அது; பூமியின் அந்தத் தென்கோடியில் ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் லாரியில் நின்றபடி வந்த குதிரைக்கு ஏன் வேர்க்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மேடை என்ன காட்டுகிறதோ அந்த எடைக்குத்தான் மருந்து. யார் போனில் என்ன சொன்னாலும் எடுபடாது. இங்கே அதுதான் விதி. ஸ்கேன் எடுப்பது நைரியின் வேலை; அவளும் விதிப்படி கணக்குப் போட்டாள். ஈயக் கவசத்துக்குள்ளிருந்த கதிர்மருந்தை அந்த எடைக்கு ஏற்றாற்போலக் கூட்டி எடுத்து, கழுத்து நரம்பில் ஏற்றினாள். எலும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. எங்கே எலும்பு அடிபட்டுத் தன்னைத்தானே சரிசெய்துகொண்டிருக்கிறதோ, அங்கே அதிகமாகச் சேரும். கேமராவில் அந்த இடம் மட்டும் தகதகவென்று தெரியும். எக்ஸ்ரேயில் தப்பிக்கிற மயிரிழை விரிசல்கூட இதில் தப்பாது.

அன்று தப்பக் கூடாது என்பதுதான் நைரியின் கவலை. பார்சல் கொஞ்ச நாளாக முன்காலைக் குறுக்கி வைத்து ஓடுகிறான்; காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் சனிக்கிழமை பெரிய பந்தயத்தில் ஓடுவான். அவன் மேல் உட்காரப் போவது நைரியின் மகள் கெய்ட்டா. பத்தொன்பது வயது, பயிற்சி ஜாக்கி, இவ்வளவு பெரிய பந்தயம் அவளுக்கு இதுதான் முதல் தடவை. காலையில் சமையலறையில் டோஸ்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தின்னாமல், அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நல்லதா சொல்லு, சரியா? உன் வாயிலேருந்து வரணும்."

"முதல்ல அதைத் தின்னு."

"எடை போட்ருமே!"

"காத்துல பறந்துடுவே, தின்னுடீ," என்று அதட்டினாள் நைரி. ஆனால் மனசு அடித்துக்கொண்டது. விரிசல் விட்ட எலும்போடு முழுப் பாய்ச்சலில் ஓடும் குதிரைக்குக் கால் எப்படி முறியும் என்று அவளுக்குத் தெரியும். கீழே விழும் ஆள் என்ன ஆவாள் என்பதும் தெரியும். பெற்ற பெண்ணின் கனவு கலைய வேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? நைரி வேண்டிக்கொண்டாள். ஏதாவது இருக்கட்டும், சின்னதாக ஒரு பழுதாவது இருக்கட்டும் என்று மருந்தை ஏற்றும்போதுகூட வேண்டிக்கொண்டாள்.

மருந்து எலும்பில் சேரட்டும் என்று காத்திருந்து, மத்தியானத்துக்குப் பிறகுதான் பார்சலை ஸ்கேன் அறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. குதிரை மிரளாமலிருக்க விளக்கைக் குறைத்து வைப்பார்கள். ஈரத் தவிடும் குதிரை வேர்வையும் கிருமிநாசினியும் கலந்த வாடை. கூரையிலிருந்து தொங்கும் கேமராவின் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்கும். செஃபோ கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்துப் பாட்டு எதையாவது வாய்க்குள் முனகிக்கொண்டே இருப்பான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நைரியும் திரையும். திரை அவள் பக்கம்தான் திரும்பியிருக்கும், செஃபோவுக்குத் தெரியாது. மருந்து ஏறின உடம்பு மட்டும்தான் படத்தில் வரும். குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாலும் செஃபோவின் ஒரு விரல்கூட வராது.

குளம்பு வந்தது. கணுக்கால் வந்தது. முழங்கால். ஒவ்வொரு படமும் இருட்டில் பொட்டுப் பொட்டாக விழுந்து, மெல்லச் சேர்ந்து, எலும்பாகும். எல்லாம் சுத்தமாக இருந்தன. மருத்துவர் ஃபெர்கஸ் பின்னால் நின்று இறைச்சி பஃப்ஸைக் கடித்துக்கொண்டு பார்த்தான். நைரியைவிட வயதில் சின்னவன், கெட்டிக்காரன்.

"பிரமாதம். உன் பொண்ணு அதிர்ஷ்டக்காரி, நைரி."

அப்புறம் தோள்பட்டைப் படம் விழ ஆரம்பித்தது. எலும்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் மேல் ஓரத்தில், பிடரி மயிர் இருக்கிற இடத்தில், எலும்பே இருக்கக் கூடாத இடத்தில், பொட்டுகள் சின்னச் சின்ன வரிசைகளாகச் சேர்ந்தன. நாலு வரிசை. கொஞ்சம் தள்ளி, குட்டையாக, இன்னொன்று.

ஃபெர்கஸ் மெல்லுவதை நிறுத்தினான். "செஃபோ, கையுறையிலே மூத்திரம் பட்டிருக்கா?"

"படாம இருக்குமா? ஊசி போட்டதுலேருந்து மூணு தடவை பேஞ்சிருக்கான்."

"அதான் விஷயம். அந்தக் கையோட பிடரியைப் பிடிச்சிருக்கே. கைத்தடம் பதிஞ்சிருக்கு. கையுறையை மாத்து, பிடரியைக் கழுவு, மறுபடி எடுக்கலாம்."

அது நடக்கிற விஷயம்தான். சிறுநீரில் மருந்து வெளியேறும். ஒரு துளி தெறித்தாலும் படத்தில் எலும்பு எரிகிற மாதிரி காட்டும். இந்த வேலைக்கு வந்த எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாந்திருப்பார்கள். நைரிக்கு மூச்சு திரும்பி வந்தது. செஃபோ வெந்நீர் விட்டுப் பிடரியைக் கழுவித் துடைத்தான். கழுவும்போது பாட்டை நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. வண்டிக்காரன் ஒண்ணு சொன்னான், அது ஞாபகம் வந்துச்சு. இவன் மூணு வாரமா படுக்கவே இல்லையாம். நின்னுக்கிட்டேதான் இருக்கானாம். படுக்கப் போவான், யாரோ உதைச்ச மாதிரி எழுந்துருவானாம்."

"வண்டிக்காரன் பேச்சை எல்லாம் கேட்டுக்கிட்டு..." என்றாள் நைரி. மறுபடி எடுத்தார்கள்.

இந்தத் தடவை இரண்டு கைகள்.

அதே நேரம் பார்த்து ஃபெர்கஸின் போன் அடித்தது. வயிற்றுவலியில் உருளும் ஒரு பெண்குதிரையை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இன்னும் சுத்தமாகலை. நீ மத்த படங்களை எடு, நான் வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். கதவு மூடியதும் அறை இன்னும் கொஞ்சம் இருண்ட மாதிரி இருந்தது. விசிறி இரைந்தது. பார்சல் மயக்க மருந்தில் தலையைத் தொங்கப்போட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

நைரி கேமராவை முதுகுக்கு நகர்த்தினாள். வழக்கமான வரிசைப்படிதான் நகர்த்தினாள். கை தன்பாட்டுக்குப் பழகின வேலையைச் செய்தது. விலா எலும்புகள் வரிசையாக விழுந்தன. அவற்றின் மேல், குறுக்காக, நீளமாக இன்னொரு எலும்பு விழுந்தது. அதன் நுனியில் ஒரு மூட்டு. மூட்டுக்குக் கீழே மடங்கிப் பின்னால் போகும் இரட்டை எலும்பு. கணுக்கால். குதிகால். மூத்திரம் தெறித்து இப்படி விழாது. ஒரு முழங்கால் குதிரையின் உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தது, ஜாக்கிகள் கால்வைக்கும் அங்கவடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குந்துவார்களே, அப்படி.

அவள் கெய்ட்டாவை அப்படி எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்.

"செஃபோ," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "செஃபோ, குதிரை மேல ஏதாவது இருக்கா?"

"மேலயா? என்ன இருக்கும்?"

"போர்வை, கயிறு, ஏதாவது..."

செஃபோ எட்டிக் குதிரையின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். அந்த முழங்கால் இருக்கிற இடத்தின் ஊடாகவே கை போய் வந்தது. "ஒண்ணுமில்லக்கா. வேர்த்திருக்கு, அவ்வளவுதான்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒரு தடவை துடைத்தால் போதும். அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் நைரிக்கு உறைத்தது. ஐயோ, மேடை பொய் சொல்லவில்லை. மேடை உண்மையைத்தான் காட்டியிருக்கிறது, அவள்தான் விதிப்படி கணக்குப் போட்டு, அந்த எடைக்கும் சேர்த்து மருந்தைக் கூட்டியிருக்கிறாள். ஒரு குதிரைக்கு மட்டும் அவள் மருந்து போடவில்லை. கூடுதலாகப் போட்டது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கேமராவை மேலே ஏற்றாதே என்று மனசு சொன்னது. முதுகுக்கு மேலே காற்றுதான் இருக்கிறது. காற்றை யாரும் படம் எடுப்பதில்லை. அவள் ஏற்றினாள். பொட்டு. இன்னொரு பொட்டு. முதுகெலும்பு வளைந்து முன்னால் சாய்ந்து வந்தது. தோள்கள். கழுத்து. முன்னோக்கிப் பார்த்தபடி, பக்கவாட்டில், ஒரு மண்டையோடு. எங்கேயும் காயமில்லை. முறிவில்லை. ஆரோக்கியமான எலும்பு.

படம் தப்பாக இருக்கும். இன்னொன்று எடுக்கலாம். எடுத்தாள்.

இந்தத் தடவை அது அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நைரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கத்தவில்லை. கத்தினால் குதிரை மிரளும், மிரண்டால் செஃபோ மாட்டிக்கொள்வான் என்கிற பழக்கம் அவளைத் தடுத்தது. அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: சனிக்கிழமை என் பெண் இதன் மேல் உட்காரப் போகிறாள். அது உட்கார்ந்திருக்கிற இடத்தில். யாரிடம் சொல்ல? ஃபெர்கஸ் மூத்திரம் என்பான், கழுவு என்பான். குதிரையின் எலும்பில் ஒரு குறையுமில்லை. ஒரு குறையுமில்லாத குதிரை ஓடத்தான் செய்யும்.

குறை இருந்தால்?

"செஃபோ, நீ போய் டீ குடிச்சிட்டு வா. மயக்கத்துலதான் இருக்கான், நான் பாத்துக்கறேன்."

"தனியாவா? விதி..."

"போடா சாமி, அஞ்சு நிமிஷம்."

அவன் போனதும் அவள் கையுறையை மாட்டினாள். தரையில் தேங்கியிருந்த சிறுநீரில் ஒரு பஞ்சுத் துண்டை நனைத்துப் பிழிந்தாள். குதிரையிடம் போனாள். தலையை நிமிர்த்தவில்லை. மேலே பார்க்கக் கூடாது, மேலே ஒன்றுமில்லை, மேலே பார்க்கக் கூடாது. முன்காலின் உட்பக்கம், தோளுக்குக் கீழுள்ள எலும்பின் கழுத்தில், விரிசல் வழக்கமாக விழும் இடமாகப் பார்த்துப் பஞ்சை ஒட்டுநாடாவால் ஒட்டினாள். குனிந்திருந்த அவள் தலைக்கு மேலே, மிகக் கிட்டத்தில், எலும்போடு எலும்பு உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குதிரையின் பல்லாக இருக்கும். இருக்கும்.

படத்தை எடுத்தாள். முன்கால் எலும்பில் ஒரு சூரியனே உதித்திருந்தது. மற்ற படங்களை, அந்தக் கையும் காலும் தலையும் இருந்த படங்களையெல்லாம், ஒவ்வொன்றாக அழித்தாள். பஞ்சைப் பிய்த்தெடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டபோது செஃபோ கதவைத் திறந்தான்.

ஃபெர்கஸ் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அடக் கடவுளே. இதோட ஓடியிருந்தா அவ்வளவுதான். கெய்ட்டாவுக்கு ரொம்பப் பாவம்." அங்கேயே நின்று வாலிஸுக்குப் போன் போட்டான். ஒரு நிமிஷப் பேச்சு. பார்சல் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டான். நைரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொன்னதற்காக ஒரு துளிகூட வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

மருந்தின் வீரியம் அடங்கும்வரை ஸ்கேன் குதிரையைத் தனிக்கொட்டடியில் அடைத்து வைப்பார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது. செஃபோ கொண்டுபோய் விட்டுவிட்டு, வாளியோடு திரும்பி வந்து தரையைக் கழுவினான். மறுபடி பாட ஆரம்பித்திருந்தான்.

"அக்கா, கேட்டியா, படுத்துட்டான்! உடம்பை ஒரு உதறு உதறினான் பாரு, தண்ணியிலேருந்து ஏறின நாய் மாதிரி. உடனே படுத்துட்டான், கொறட்டை வேற."

"நெஜமாவா?"

"சத்தியமா. உன் பொண்ணுகிட்டயும் கவலைப்படாதேன்னு சொல்லு. ஜாக்கிங்க எங்க சும்மா இருக்காங்க? ஒரு குதிரை நின்னுபோச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள அடுத்ததைப் புடிச்சுருவாங்க. மத்தவங்க லாயத்து வாசல்லயே நிப்பாங்க, யார் சிக்குவான்னு."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டான். மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் வெளியே இருட்டு இறங்கி, மூடுபனி முற்றத்து விளக்கைச் சுற்றிக்கொண்டு நின்றது. நைரி அன்றைய கடைசி வேலையைத் தொடங்கினாள். கழுவின அறையில் எங்காவது துளி மருந்து சிந்திக் கிடக்கிறதா என்று பார்க்க, வெற்று அறையில் கேமராவைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். திரை கறுப்பாக இருந்தது. சுத்தக் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. ராத்திரிக்குக் கெய்ட்டாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறி வறுவல் செய்ய வேண்டும், அவள் திட்டினால் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. கெய்ட்டா நேராக உள்ளே வந்து, கேமராவுக்கு எதிரில் நின்றாள். தலைமயிரெல்லாம் பனித்துளி.

"நீதானே பண்ணே?"

"ஸ்கேன்ல வந்ததுடி..."

"பொய் சொல்லாதே. உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. பார்சலுக்கு ஒண்ணுமே இல்லை, எனக்குத் தெரியும். தினம் ஓட்டுறவ நான்."

"சரி, நான்தான் பண்ணேன். நீ உயிரோட இருக்கே இல்ல? எனக்கு அது போதும்."

கெய்ட்டாவின் கண் நிறைந்துவிட்டது. "எத்தனை வருஷமா இதுக்காக... போம்மா. போ." தோளை ஒரு தடவை குலுக்கிக்கொண்டாள். "அவனைப் பாத்துட்டுத்தான் வரேன். கத்தாதே, உள்ள போகலை. கதவுமேல சாஞ்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். தூங்கறான் பாவம். நான் அத்தனை நேரம் நின்னேன், எழுந்திருக்கவே இல்லை."

"வீட்டுக்குப் போகலாம் வா," என்றாள் நைரி. எழுந்தாள். கேமராவை நிறுத்தக் கையை நீட்டினாள்.

திரையில் ஒரு பொட்டு.

கெய்ட்டாவுக்கு யாரும் மருந்து போடவில்லை. அவள் எலும்பு ஒன்றுகூட வரக் கூடாது. வரவும் இல்லை. அவள் நின்ற இடம் கறுப்பாகவே இருந்தது. பொட்டுகள் அந்தக் கறுப்பைச் சுற்றி விழுந்தன. இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முழங்கால். அந்தப் பக்கம் ஒரு முழங்கால். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்கள்.

"தோளெல்லாம் இழுக்குதும்மா," என்றாள் கெய்ட்டா. "பனியில வண்டி ஓட்டினது." கால்களை அகட்டி ஊன்றி நின்றாள்.

"நகராதே."

"என்ன?"

"நகராதேடி. அப்படியே நில்லு, என் கண்ணு. அப்படியே."

காதுக்குப் பக்கத்தில், சாய்ந்து, மண்டையோடு. முழுசாகச் சேர்ந்துவிட்டது. எங்கோ தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. உதைக்கப் போகிற மாதிரி அதன் குதிகால்கள் மெல்ல விலகின.

கெய்ட்டாவின் வலது கால் தானாகப் பக்கவாட்டில் ஓர் அடி வைத்தது. இடது கால். மறுபடி வலது. நின்ற இடத்திலேயே தரையை மிதித்தாள், பந்தயத்துக்கு முன்னால் பொறுமை இழந்த குதிரை மிதிக்கிற மாதிரி. அவள் தன் காலையே குனிந்து பார்த்தாள். "அம்மா, நான் இல்லை. அம்மா, என் காலு..."

நைரி தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

திரையில் அதன் வலக்கை மேலே போனது. கெய்ட்டாவின் தலை வெடுக்கென்று பின்னுக்கு இழுபட்டது. வாயின் இரண்டு ஓரமும் காதைப் பார்க்க இழுத்து விரிந்தன, கடிவாளக் கம்பியைக் கடிக்கக் கொடுத்த மாதிரி. பல் தெரிந்தது. நுரை தெரிந்தது. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

கெய்ட்டா ஓட ஆரம்பித்தாள்.